குளிர் அறையில் தொங்கிய கோட்டு

இப்போதெல்லாம் மான் சுட வருகிறவர்களைப் பார்த்தால் மான் சுட வந்தவர்கள் மாதிரியே தெரிவதில்லை. ஆபரேஷன் பண்ண வந்த டாக்டர்கள் மாதிரி இருக்கிறார்கள். கால்சட்டையின் அடியைக் காலுறைக்குள் திணிக்கிறார்கள். அதன் மேல் டேப் சுற்றுகிறார்கள். உண்ணி பிடுங்கும் சின்னக் கொக்கி ஒன்றைத் தாயத்து மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, வண்டியை விட்டு இறங்கும் முன்பே கால் இரண்டிலும் மருந்தைப் பீய்ச்சிக்கொள்கிறார்கள். அந்த நாற்றம் காற்றோடு போய், ஒரு மைல் தள்ளி மேய்கிற கிடா மானின் மூக்கில் ஏறும். அது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பள்ளத்தாக்குக்கு நடையைக் கட்டும். அப்புறம் "மான் எங்க டூகல்?" என்று வழிகாட்டியைக் கேட்பார்கள்.

டூகல் மக்ரேவுக்கு இதெல்லாம் ஆகாது. வயது எழுபத்தொன்று. க்ளென் டராக் எஸ்டேட்டில் நாற்பத்தாறு வருஷமாக வேட்டைக்கு வழிகாட்டுகிறவர். துப்பாக்கியோடு வருகிற துரைமாரை ஹெதர் புதருக்குள் வயிற்றால் ஊரவைத்து, ஓடையில் முழங்கால் தண்ணீரில் நடத்தி, மானுக்கு நூறு கஜத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, "இப்ப சுடுங்க" என்று காதில் சொல்வதுதான் வேலை. பள்ளிக்கூடத்தைப் பதினைந்து வயதில் விட்டார். வாத்தியார்கள் யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எஸ்டேட்டில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் செப்டம்பர், அக்டோபரில் ஆள் போதாது என்று கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பார்.

உண்ணியைப் பற்றித் தனக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். அதற்குக் காரணம் இருந்தது.

சுட்ட மானை மலையிலேயே குடல் எடுத்து, கீழே இறக்கி, தலையும் கால்களும் வெட்டி, தோலோடு குளிர் அறையில் கொக்கியில் மாட்டுவார்கள். அந்தக் குளிர் அறை எஸ்டேட்டுக்கு வந்து முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே டூகல் ஒன்றைக் கவனித்தார். சாயங்காலம் தோல் மேல் நடமாடிக்கொண்டிருந்த உண்ணிகள் மறுநாள் காலை அசையாமல் கிடந்தன. நகத்தால் சுண்டினால் மிளகு மாதிரி தெறித்து விழுந்தன. செத்துவிட்டன என்று முடிவுகட்டினார். யாரையும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கமில்லை.

அன்றைக்கே சுவரில் ஒரு பெரிய ஆணி அடித்தார். மலையிலிருந்து இறங்கியதும் ட்வீட் என்கிற கனத்த கம்பளித் துணிக் கோட்டு, அதே துணியில் தைத்த முழங்கால் கால்சட்டை, துப்பாக்கி உறை, சாப்பாட்டுப் பை, மான் இழுக்கும் கயிறு எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடுவார். கோட்டும் கால்சட்டையும் அவரிடம் இரண்டு ஜோடி. இன்றைக்கு உடுத்தியதை மாட்டிவிட்டு நேற்று மாட்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். மற்ற வேலையாட்களும் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். அதற்கு டூகல் ஆணி என்றே பேர் வந்தது. பக்கத்து எஸ்டேட்டுகளிலும் அப்படி ஆணி அடித்தார்கள். இந்த உலகத்தில் அவர் பேர் தாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த கோட்டை அவர் மனைவி இஷ்பெல் வாங்கிக்கொள்வாள். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டை மடியில் பரப்பி, ஒட்டியிருக்கும் ஹெதர் குச்சிகளைப் பொறுக்குவாள். பட்டன் ஆடினால் தைப்பாள். முழங்கைத் தோல் பிய்ந்தால் ஒட்டுப் போடுவாள். பிறகு அடுப்புக்கு மேலே இருக்கும் கம்பியில் காயப்போடுவாள். வேட்டைப் பருவம் முழுக்கத் தினமும் இதே வேலை. ட்வீட்டைத் தண்ணீரில் போட்டுத் துவைக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. மலையின் வாசம் போய்விட்டால் மான் கண்டுபிடித்துவிடும் என்று டூகல் சொல்வார்.

போன வருஷம் அவள் தொடையில் ஒரு சிவப்பு வட்டம் வந்தது. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் குளிர்காலத்தில் காலில் சிவப்பாகத் தழும்பு விழும். அந்த ஊரில் பாதிப் பேருக்கு அது உண்டு. அதுதான் இது என்று இஷ்பெல் நினைத்தாள். நாற்காலியை ஒரு அடி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். வட்டம் தட்டு அளவுக்குப் பெரிதாகி, தானாகவே மறைந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து முழங்கால்கள் வீங்கின. பிறகு ஒரு நாள் காலையில் வாயின் இடது பக்கம் தொங்கிப்போய், குடித்த டீ கழுத்தில் வழிந்தது.

இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணி கடித்ததால் வந்த காய்ச்சல் நரம்புக்குள் போய்விட்டது என்றார்கள். அம்மா, நீங்கள் மலைக்குப் போவீர்களா என்று கேட்டார்கள். இடுப்பு எலும்பு போனதிலிருந்து பதினொரு வருஷமாக அவள் துணி காயப்போடும் கொடியைத் தாண்டிப் போனதில்லை. வீட்டில் நாய் உண்டா என்று கேட்டார்கள். நாய் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்படியானால் உண்ணி வேறு எதிலோ வீட்டுக்குள் வந்திருக்கிறது என்றார்கள். டூகல் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து கொடுத்தார்கள். முகம் முக்கால்வாசி திரும்பி வந்தது. முழங்கால் வரவில்லை. கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. பேசும்போது சில வார்த்தைகள் கிடைக்காமல் நின்றுபோய், அவளே எரிச்சலோடு கையை வீசிவிடுவாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆனாலும் இந்தச் செப்டம்பரில் மலையில் வேட்டை தொடங்கியதும் கோட்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பொறுக்குவதற்காவது விரல் உதவும் என்றாள்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், டூகல் கோட்டைக் கழற்றி நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை.

"வாங்கு."

"மாட்டேன். அத வெளிய கொண்டுபோயி வெய்யி."

"வெளிய மழை கொட்டுது."

"கொட்டட்டும். இங்க வா, இதப் பாரு." சட்டையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். ஒரு சின்னப் புள்ளி. சுற்றிலும் லேசாகச் சிவந்திருந்தது. "மத்தியானம் பிடுங்குனேன். சாஸர்ல இருக்கு. வேணும்னா பேர் கேட்டுக்க."

டூகல் சாஸரைப் பார்க்கவில்லை. "தோட்டத்துல இருந்து வந்திருக்கும்."

"நான் தோட்டத்துக்குப் போயி எத்தனை வருஷம் ஆச்சு மனுசா?"

"எலி கொண்டு வந்திருக்கும்."

"ஆமா. எலி வந்து என் மடில உக்காந்து பட்டன் தெச்சுக்கிட்டுப் போச்சு."

"கோட்டு ஒரு ராத்திரி முழுக்கக் குளிர் ரூம்ல தொங்குன கோட்டு. அதுல உயிரோட ஒண்ணும் இருக்காது. இல்லாத ஒண்ணுக்குப் பயந்து எதுக்கு வெளிய வெக்கணும்?"

இஷ்பெல் சட்டையைச் சரிசெய்துகொண்டாள். வார்த்தை தேடுகிறாளோ என்று நினைத்தார். தேடவில்லை. வார்த்தை தயாராகத்தான் இருந்தது.

"தங்கச்சி மார்சலிகிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை கார் எடுத்துட்டு வர்றா. டிங்வால்ல அவ வீட்ல கீழ் ரூம் சும்மாதான் கிடக்கு. இந்த வீட்ல ஒண்ணு அந்தக் கோட்டு இருக்கும், இல்ல நான் இருப்பேன்."

"ஒரு பூச்சிக்குப் பயந்து வீட்ட விட்டுப் போவியா?"

"முதல் பூச்சிக்குப் பாதி மூஞ்சி போச்சு. இதுக்கு என்ன போகும்னு உக்காந்து பாக்கச் சொல்றியா?"

அவர் கோட்டை அடுப்புக் கம்பியில் தானே மாட்டினார். அவள் எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, குளிராக இருக்கும் முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இரண்டு கிடா மான்கள் கிடைத்தன. இறக்கிக் கொண்டுவந்து வெட்டி மாட்டிய பிறகு, டூகல் கோட்டைக் கழற்றி, தையல் தையலாக நகத்தால் தடவிப் பார்த்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார். பையை உதறினார். மூன்று உண்ணிகள் கிடைத்தன. நசுக்கினார். கோட்டு சுத்தம். ஆணியில் மாட்டப் போனபோது ஆணி இல்லை, நேற்று மாட்டிய கோட்டு ஓரமாக மடித்துக் கிடந்தது.

ரோனா செய்த வேலை. ரோனாதான் இப்போது தலைமை வேட்டைக்காரி. முப்பத்திரண்டு வயது. காலேஜில் படித்து இந்த வேலைக்கு வந்தவள். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வேலையாட்கள் தங்கும் அறையில் துணி உலர்த்தும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்து, பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள். மலையிலிருந்து வந்த துணி எதுவானாலும் முதலில் மெஷினில் முழுச் சூட்டில் பத்து நிமிஷம். உறையும் பையும் வெளியே வெயிலில், காற்றில். குளிர் அறையில் எதையும் மாட்டாதே. டூகல் அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அவர் சுத்தியலைத் தேடி எடுத்து, பழைய ஓட்டையிலேயே வேறு ஆணி அடித்தார். சத்தம் கேட்டு ரோனா வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"டூகல், ஒண்ணு சொல்லவா?"

"வேண்டாம்னா நிறுத்தவா போற?"

"அந்த உண்ணி சாகறதில்ல. தூங்குது. சர்ச்சுல பிரசங்கம் நடக்கறப்ப நம்ம ஆளுங்க தூங்குற மாதிரி. வெளிய வந்து சூடு பட்டா எந்திரிச்சுக்கும்."

"முப்பத்துநாலு வருஷமா பாக்குறேன் பொண்ணே."

"எங்க பாத்தீங்க? குளிர் ரூம்ல பாத்தீங்க. வெளிய எடுத்து வெச்சு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

டூகல் சுத்தியலைக் கீழே வைத்தார். அப்படி அவர் பார்த்ததில்லை. செத்த பூச்சியை எவன் வெளியே எடுத்து வைத்துப் பார்ப்பான்?

"இன்னொண்ணும் சொல்றேன். மானோட உடம்பு ஆறிப்போனா அதுல இருக்கற உண்ணி வேற இடம் தேடும். பக்கத்துல உங்க கோட்டு, உங்க வேர்வை வாசத்தோட தொங்குது. அதுக்கு நீங்களே விருந்து வெக்கறீங்க."

"காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தானா?"

"இதுவும் சொல்லிக் குடுத்தான். கோட்டக் குடுங்க, பத்தே நிமிஷம்."

"அந்த மெஷின்ல போட்டா என் கோட்டு பொம்மைக்குத்தான் ஆகும்."

"நனைஞ்சதப் போட்டாத்தான் சுருங்கும். காஞ்ச துணி சுருங்காது. என்னோடது பாருங்க, சுருங்கியிருக்கா?"

அவர் பார்க்கவில்லை. சனிக்கிழமை என்பது மறுநாள்தான் என்று திடீரென்று உறைத்தது.  இஷ்பெல் போவது அவருக்கு நம்பும்படியாக இல்லை. ஆனால் காலையில் படுக்கைக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்திருந்ததை அவர் பார்த்திருந்தார்.

"சரி," என்றார். "நாளைக்குக் காலைல என் வீட்டுக்கு வா. வெள்ளத் துணி விரிச்சு வெய்யி. இந்த ஆணில ஒரு ராத்திரி தொங்குன இதே கோட்ட அது மேல போடுறேன், அடுப்புக்குப் பக்கத்துல. ஒண்ணே ஒண்ணு நகந்தாக்கூட உன் மெஷின்ல நானே கொண்டுவந்து போடுறேன். நகரலைன்னா அந்தக் காகிதத்தக் கிழிச்சு எறிஞ்சுடணும். இஷ்பெல்லும் டிங்வாலுக்குப் போக வேண்டியதில்ல. நீ அவகிட்ட சொல்லணும், உன் வாயால."

"இஷ்பெல் போறாங்களா?" ரோனாவுக்கு அது தெரியாது. "டூகல், அதுக்கு இந்தப் பந்தயம் எதுக்கு? கோட்ட இங்கயே விட்டுட்டுப் போங்களேன். வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. அவ்வளவுதான விஷயம்?"

அவ்வளவுதான் விஷயம் என்று அவருக்கும் தெரியும். அவ்வளவுதான் என்பதுதான் கஷ்டம். இன்றைக்குக் கோட்டை வெளியே விட்டால், நேற்று வரைக்கும் அதை உள்ளே கொண்டுவந்தது யார் என்று ஆகிவிடும்.

"எட்டரைக்கு வா," என்று சொல்லிவிட்டு, இரண்டு மான்களுக்கும் நடுவில் கோட்டை மாட்டினார். மான்களின் உடம்பிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மலை முழுக்க மூடுபனி. ஓடைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. பனி விலகும்வரை யாரும் மலையேற முடியாது. விருந்தாளிகள் எஸ்டேட் பங்களாவில் இரண்டாவது தடவை காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரோனா சொன்ன நேரத்துக்கு வந்தாள். சமையலறை மேஜையை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டு, ஓரம் முழுக்க ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி டேப் வைத்தாள். தப்பித்துப் போகாமலிருக்க. டூகல் குளிர் அறையிலிருந்து கோட்டை ஒரு கம்பில் மாட்டித் தூக்கி வந்து நடுவில் கிடத்தினார். பிணத்தைக் கிடத்துகிற மாதிரி இருந்தது.

இஷ்பெல் நாற்காலியில், வெளியூருக்குப் போகிற உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதுக்கு அவள் தங்கை மார்சலி வந்தாள். மார்சலி டிங்வாலில் ஒரு செருப்புக் கடையில் முப்பது வருஷம் நின்றவள். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பாள், பிறகுதான் முகம். மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"என்ன இது, யாராவது செத்துட்டாங்களா?"

"உண்ணி செத்துடுச்சான்னு பாக்குறோம்," என்றாள் இஷ்பெல்.

"என் அக்கா உயிரோட இருக்காளான்னு பாக்க ஒருத்தரையும் காணோம். உண்ணிக்குக் காவலா மூணு பேரு."

ரோனா டீ போட்டாள். ஓட் பிஸ்கட்டை எடுத்து வைத்தாள். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. கோட்டிலிருந்து ஈர வாசனையும் மான் வாசனையும் எழுந்தன. வெள்ளைத் துணியில் இரண்டு ஹெதர் பூ, ஒரு முடி. வேறொன்றும் இல்லை.

பதினைந்து நிமிஷம்.

டூகல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் குரலில் தெம்பு வந்தது. "காலேஜ் எத்தனை வருஷம் படிச்ச?"

"நாலு."

"நாலு வருஷம்." தலையை ஆட்டினார். "இஷ்பெல், பெட்டியத் திரும்ப உள்ள வெய்யி. மார்சலி, பிஸ்கட் எடுத்துக்க. இவ்வளவு தூரம் வந்துட்ட."

இஷ்பெல் அவரைப் பார்க்கவில்லை. அவள் கண் கோட்டின் கைப் பக்கம் இருந்தது.

"அங்க," என்றாள்.

கைநுனி மடிப்பிலிருந்து, எள்ளில் பாதி அளவுக்கு ஒன்று வெளியே வந்து துணியில் நின்றது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, காற்றில் எதையோ தேடுகிற மாதிரி ஆட்டியது. பிறகு நடந்தது. அவசரமில்லாமல் நேராக இஷ்பெல் உட்கார்ந்திருந்த பக்கம் நடந்தது.

 காலருக்கு அடியிலிருந்து இன்னொன்று வந்தது. அப்புறம் பைக்குப் பக்கத்தில் இரண்டு. முதுகுத் தையலின் நீளத்துக்கு, மழைக்குப் பிறகு ஈசல் புறப்படுகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. மார்சலி எழுந்து சுவரோரம் போய்ச் சேலையைத் தூக்குகிற மாதிரி பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கடவுளே. இதையா அவ மடில போட்டுக்கிட்டா? இத்தன வருஷமா?"

டூகல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நேற்று இந்தத் தையலைத் தானே தடவிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவருக்கு நிச்சயம். அந்த நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது என் கோட்டோட உண்ணி இல்ல."

"என்னது?" என்றாள் ரோனா.

"நேத்து நான் கோட்ட சுத்தமா பாத்துட்டுத்தான் மாட்டுனேன். மூணு இருந்துச்சு, நசுக்கிட்டேன். இது அந்த ரெண்டு மானோட உண்ணி. ராத்திரி ஏறியிருக்கு."

"அதத்தான நான் நேத்தே சொன்னேன்!"

"அப்ப என் கோட்டு மேல தப்பு இல்லைன்னு நீயே ஒத்துக்கற."

 மார்சலி குறுக்கிட்டாள். "ஒண்ணு நகந்தா மெஷின்ல போடறேன்னு சொன்னீங்களாமே டூகல். இங்க ஊர்கோலமே போகுது."

"என் கோட்டுல இருந்து நகந்தான்னு சொன்னேன். மான்ல இருந்து இல்ல."

"என்னைக் கடிச்சது யாரு வீட்டு உண்ணின்னு சொல்லிட்டுக் கடிக்கல," என்றாள் இஷ்பெல்.

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். அவள் நடுங்குகிற கையை மற்றொரு கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு, நிதானமாக, சந்தையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"சரி டூகல். மானோடதுதான். திங்கக்கிழமை மலைக்குப் போவ. சாயங்காலம் வருவ. அப்ப கோட்ட எங்க மாட்டுவ?"

அடுப்பில் கரி சரிந்து விழும் சத்தம் கேட்டது. ரோனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். வெளியே என்றோ, மெஷினில் என்றோ, எங்கேயாவது என்றோ சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. வந்த வழியில், இஷ்பெல்லின் கழுத்தில் டீ வழிந்த அந்தக் காலை நின்றுகொண்டிருந்தது. கோட்டை ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கையில் கொடுத்த தன் கையும் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டி வார்த்தை வரவில்லை.

"எப்பவும் மாட்டுற எடத்துல," என்றார்.

இஷ்பெல் தலையசைத்தாள். வேறு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. கம்பை ஊன்றி எழுந்தாள்.

"சூப்பு ரெண்டு நாளைக்கு இருக்கு. கோழிக்கூண்டு தாப்பாள் ஒழுங்கா விழாது, கல்லு வெச்சு அடைச்சுக்க. உன் மூட்டு மாத்திர நீலப் பெட்டில இருக்கு. ஒண்ணுதான், ரெண்டு முழுங்காத."

"எத்தன நாளைக்குப் போற?"

"நீ சொல்லு, எத்தன நாளைக்குன்னு."

அவர் பெட்டியைத் தூக்கினார். மார்சலி வாங்க வந்தபோது கொடுக்காமல் தானே காருக்குக் கொண்டுபோய், பின்னால் ஆடாமல் வைத்தார். இஷ்பெல் ஏறும்போது கதவின் மேல் விளிம்பில் தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்தார். முழங்காலை மடக்க முடியாமல் அவள் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். சீட் பெல்ட்டை அவள் விரல்களால் மாட்ட முடியவில்லை. அவர் குனிந்து மாட்டிவிட்டார். அவ்வளவு பக்கத்தில் முகம் இருந்தது. அவள் சிரிக்கப் பார்த்தாள், பாதிதான் வந்தது.

"உன் கழுத்துல ஒண்ணு ஊருது," என்றாள்.

அவர் தட்டிவிட்டார். "தூசு," என்றார்.

உள்ளே வந்தபோது ரோனா விரிப்பின் நான்கு மூலையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள், கோட்டோடு.

"நான் கொண்டுபோயி மெஷின்ல போடறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஒத்துக்கவும் வேண்டாம். கார் இன்னும் கிளம்பல டூகல். பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லட்டா?"

"கட்ட அவுத்துடு."

"டூகல்…"

"என் கோட்டு. அவுத்துடு."

அவள் அவிழ்த்தாள். அவர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், ஒரு கை, அப்புறம் மறு கை, காலரைக்கூடச் சரிபண்ணவில்லை. வெள்ளைத் துணியில் மிச்சம் இருந்தவை சூட்டில் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தன. ரோனா துணியைச் சுருட்டி அடுப்புக்குள் திணித்தாள். கண் கலங்கியிருந்தது, புகையாகவும் இருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே ஓடைக்கு அந்தப் பக்கம் சரிவு தெரிய ஆரம்பித்திருந்தது. பனி விலகுகிறது.

"அந்தத் துரைமாரக் கிளப்பு," என்றார் டூகல். "காத்து மேக்க இருந்து அடிக்குது. பெரிய பள்ளத்துல மான் நிக்கும். நான் முன்னால போறேன்."

துப்பாக்கி உறையைத் தோளில் மாட்டி, பின்வாசல் வழியாக இறங்கினார். முன்வாசல் வழியாகப் போனால் காரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆட்டுப்பட்டியைச் சுற்றி, ஈரப் பெரணிச் செடிகளுக்குள் புகுந்து மலைப் பாதையில் ஏறினார். பெரணி இடுப்புவரை நனைத்தது. அடுப்புப் பக்கத்தில் வைத்தால் எதுதான் நகராது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சூட்டுக்கு மரக்கட்டைகூட நகரும். வெள்ளைத் துணியும் டேப்பும் வைத்து இட்டுக்கட்டின சாட்சி. எலி என்றுதான் அவருக்கு இன்னும் தோன்றியது. முன் அறைச் சுவருக்குள் எலி உண்டு, ராத்திரி கேட்டிருக்கிறார்.

கீழே, மாடு தாண்டாமல் பாதையில் பதித்திருந்த இரும்புக் கம்பிகள் மேல் கார் ஏறிப்போகும் கடகட சத்தம் கேட்டது. டூகல் நிற்கவில்லை. எலியேதான் என்று முனகிக்கொண்டு, கோட்டின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு மேலே நடந்தார்.